கேட்காமல் விட்ட தகவல்

போன மாதம் உங்கள் வனத்துறைப் பயிற்சி வகுப்புக்கு வந்து மூச்சு விடாமல் பேசிவிட்டுப் போன கிழவன்தான் இதை எழுதுகிறேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து, "சார், உங்க சர்வீஸ்லயே உங்களுக்குக் கெடச்ச பெரிய தகவல் எது?" என்று கேட்டார். "கேக்காம விட்டது ஒண்ணு கீதும்மா, அதான்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். பெரிசு ஜோக்கடிக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பசியோடு இருக்கிறவர்களைப் பிடித்துவைத்துக் கதை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பஸ்ஸில் வாணியம்பாடி வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. அது ஜோக் இல்லை பிள்ளைகளா. ஒரு மனிதன் தன் ஊரில், தன் வீட்டில் தொடர்ந்து வாழ முடியுமா முடியாதா என்பது அதில் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் தெருவில் காட்டு வேலைக்குப் போன ஆள் நான் ஒருத்தன்தான். "மரத்துக்குக் காவல் இருக்கவாடா உன்னப் படிக்க வெச்சேன்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். காவல் என்றுதான் நானும் நினைத்துப் போனேன். ஜவ்வாது மலையில் சந்தன மரத்துக்குக் காவல் இருப்பது ஒரு சின்ன யுத்தம் என்று போன பிறகுதான் தெரிந்தது. யுத்தம் என்றால் சுடுவது இல்லை. நான் சர்வீஸ் முழுக்கத் துப்பாக்கியைத் துடைத்ததுதான் அதிகம். எதிரி நம்மிடம் ஆள் அனுப்புவான், நாம் அவனிடம் அனுப்புவோம். அவன் நம்மை ஏமாற்றுவான், நாம் அவனை ஏமாற்றுவோம். பட்டாளத்துக்காரர்கள் இரட்டை உளவாளி, போலி முகாம் என்றெல்லாம் சொல்வது அங்கே எங்களுக்கு அன்றாட வேலை.

காளி என்று ஒருவர். அது அவர் பெயர் இல்லை. ஓய்வு பெற்றுவிட்டால் வாய்ப்பூட்டு கழன்றுவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நமக்கு ஓய்வு உண்டு, தகவல் சொன்னவருக்கு இல்லை.

காளி மலையில் சாமை விதைக்கிறவர். என் வயதுதான் இருக்கும். நான் மாறுதலாகி வந்த புதிதில் தானாகவே தேடி வந்து, வெட்டின கட்டையை எங்கே பதுக்கியிருக்கிறார்கள் என்று சொன்னார். போய்ப் பார்த்தால் அங்கேயே இருந்தது. அடுத்த முறையும் சரியாக இருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படித்தான். நான் தரையில் நடக்கவில்லை. இப்படி ஒரு ஆள் யாருக்குக் கிடைப்பான்!

எங்கள் சரகத்தில் அப்போது ஒரு மூத்த வனவர் இருந்தார். அதிகம் பேசாதவர். ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சார், இந்த ஆள் சொல்றது எல்லாம் கரெக்டா கீது. ஆனா எல்லாமே சின்னச் சின்னதா கீதே, கவனிச்சீங்களா?"

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இங்கே ஒரு கை அளவு குச்சிக் கட்டையைப் பிடித்துக் கொண்டாடும் அன்றைக்கெல்லாம் வேறு பக்கம் பெரிய லோடு இறங்கியிருந்தது. காளியை அனுப்பியது மேஸ்திரி. அடிவாரத்து ஊர்க்காரர் அவர். மலையில் ஆள் பிடித்து மரம் வெட்டவைத்துக் கீழே கொண்டுபோகிறவர். எனக்கு வந்த கோபத்தில் காளியைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியிருப்பேன். வனவர் குறுக்கே வந்து நின்றார். "இவன உள்ள வெச்சா மேஸ்திரி வேற ஒருத்தன அனுப்புவான் சார். அவன் யாருன்னு நமக்குத் தெரியாது. இவன நமக்குத் தெரிஞ்சி போச்சி. பேசாம டீ வாங்கிக் குடுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்தேன். வருகிறபோதெல்லாம் கொடுத்தேன். நம் வேலையில் கோபத்தை அடக்குவது என்றால் பெரும்பாலும் இதுதான்.

காளி எங்கள் பக்கம் வந்ததற்கு என் சாமர்த்தியம் காரணம் இல்லை. அவருடைய மருமகன் மேஸ்திரி பேச்சை நம்பி வெளி மாநிலக் காட்டுக்கு மரம் வெட்டப் போய், அங்கே காவலர்கள் துரத்தியதில் பாறையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு வந்தான். காயம் ஆறவே இல்லை. அடிவாரத்தில் கன்னியாஸ்திரீ ஒருவர் நடத்தும் சின்ன மருந்தகம் இருந்தது. காளி வாரா வாரம் மருமகனைக் கட்டு மாற்ற அங்கே அழைத்து வருவார். எனக்குச் சர்க்கரை. நானும் அங்கேதான் போவேன். வெளியே ஒரு பெஞ்ச். சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் அந்தப் பெஞ்சில் காளி தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "இன்னும் எங்கூர்ப் பசங்களக் கூட்டிக்கினு போவப் பாக்கறான் சார். எம் மருமவன் கால் போனது பத்தாதா? நா அவன் ஆளுதான் சார். உங்களுக்குத் தெரியும்னு எனக்குந் தெரியும்."

"எனக்குத் தெரியும்னு எப்படித் தெரியும்?"

"டீ குடுக்கும்போது உங்க மூஞ்சி நல்லாவே இல்ல சார்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து காளி மேஸ்திரிக்கு மேஸ்திரியின் ஆளாகவே இருந்தார், உண்மையில் எங்கள் ஆளாக மாறினார். அவர் மூலம் பெரிய லோடுகள் சில கிடைத்தன. நாங்கள் பரப்ப நினைத்ததும் அவர் வழியாகப் போனது.

மலையில் யாரும் நம் ஆட்களைத் தலை எண்ணிப் பார்ப்பதில்லை, தெரியுமா? ஆற்றுக்கு எதிர்க்கரையில் மாடு மேய்ப்பவர்கள் நம் முகாமில் காயும் சட்டையைப் பார்ப்பார்கள். நிறையச் சட்டை காய்ந்தால் நிறைய ஆள். இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் காளிதான். எங்களிடம் ஆள் குறைவு. வண்டி இறங்கக்கூடிய பாதை ஒன்று அமிர்தி பக்கம், இன்னொன்று செங்கம் பக்கம். ஒரே நேரத்தில் இரண்டையும் மறிக்க எங்களால் முடியாது. அதனால் மாற்றலாகிப் போனவர்கள் விட்டுச் சென்றது, கிழிந்தது, தொப்பை வளர்ந்து பத்தாமல் போனது என்று பழைய காக்கிச் சட்டைகளை எல்லாம் சேர்த்து மூட்டை கட்டி வைத்திருந்தேன். காவலர்கள் என்னை முதுகுக்குப் பின்னால் சலவைக்காரர் என்று கிண்டல் செய்தது எனக்குத் தெரியும்.

மேஸ்திரி முட்டாள் இல்லை. அடுத்தடுத்து லோடு மாட்டவும் யோசிக்க ஆரம்பித்தார். வெட்டின கட்டை மலையில் மலைபோல் சேர்ந்து கிடந்தது. இதுவும் மாட்டினால் அவர் தொழில் படுத்துவிடும். காளியின் ஊர்ப் பெரியவர்களிடம் போய், லோடு விஷயத்தை யார் வெளியே சொல்கிறார்கள் என்று கோயிலில் கேட்க வேண்டும் என்றார்.

அது என்ன வழக்கம் என்று காளிதான் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். "ஆத்தா கோயில்ல கற்பூரம் கொளுத்துவாங்க சார். குளிச்சிட்டு ஈரத்துணியோட போய் நின்னு, 'நா செய்யல'ன்னு சொல்லிட்டு கையால அணைக்கணும். ஒரு தடவைக்கு ஒரு காரியந்தான் கேப்பாங்க. அணைச்சிட்டா அதோட முடிஞ்சிச்சி. மேஸ்திரி இல்ல, எவனும் அப்பறம் வாயத் தொறக்கக் கூடாது. அணைக்க மாட்டேன்னா ஊரு தள்ளி வெச்சிரும். தண்ணி, நெருப்பு எதுவும் தரமாட்டாங்க. எம் பொண்ணு வூட்டு வாசல்ல கூட நா நிக்க முடியாது."

நான் படித்தவன் புத்தியைக் காட்டினேன். "ஒரு கற்பூரந்தானே காளி, அணைச்சிட்டு வந்துடுங்க."

அவர் கோபப்படவில்லை. "மேஸ்திரி கிட்ட எத்தினி பொய் வேணாலும் சொல்றன் சார். நீங்க குரான் மேல கை வெச்சிப் பொய் சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். லோடு இறங்கப் போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆட்களை எல்லாம் அமிர்தி முகாமில் வைத்திருந்தேன். மேலதிகாரி காலையிலிருந்து போனுக்கு மேல் போன். அவர் நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "ரேஞ்சர், உங்க ஆளு இன்னிக்கு வர்றான்ல? கேட்டுட்டு உடனே சொல்லுங்க. செங்கம்னா இப்பவே வண்டிய அனுப்பணும்." சரி சார், சரி சார் என்று சொல்லிவிட்டு மருந்தகத்துக்குப் போனேன்.

காளி எனக்கு முன்பே வந்திருந்தார். மருமகனோடு அன்றைக்கு மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். சாலையோரப் புளிய மரத்தடியில் நின்றிருந்தார்கள். காளியின் காலடியில் ஒரு சாக்கு மூட்டை. அதன் வாய் சரியாகக் கட்டப்படாமல் அம்மிக் குழவி வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

சந்தைக்குப் போகிறவர்கள் குழவியைத் தூக்கிக்கொண்டு போவார்களா? அம்மிக்கல்லைச் சுமக்க முடியாமல் குழவியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றேன்.

"ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்புல எதுனா வேல கெடைக்கும்னாங்க சார். நாளைக்குக் கோயில்ல கூப்புட்டுக்கீறாங்க. இந்த லோடு எந்தப் பக்கம் போவுதுன்னு ஃபாரஸ்ட்டுக்குச் சொன்னியான்னு கேப்பாங்களாம், அது ஒண்ணுதான். நேத்து மேஸ்திரியே என்னக் கூப்புட்டு எந்தப் பக்கம்னு சொல்லிட்டான். அத்த உங்ககிட்ட சொல்லிட்டன்னா, நாளைக்கு நா அங்க நிக்க முடியாது. அதான், சொல்லிட்டு இப்டியே பஸ் ஏறிடறோம்."

பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து வாயைத் திறந்தார். அவர் மனைவி புளிய மரத்தடியில் எங்களைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"சொல்லாதீங்க காளி" என்றேன்.

"இன்னா சார்?"

"எந்தப் பக்கம்னு சொல்லாதீங்க. எனக்கு வேணாம்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "இன்னா சார் வெளையாடறீங்க? இத்தினி நாளா இதுக்குத்தான நாயா அலைஞ்சோம்? எம் பொண்டாட்டி கொல்லையில கெடந்த கோழியக் கூட அக்கம்பக்கத்துல குடுத்துட்டு வந்துகீறா!"

"போய்க் கோழியத் திருப்பி வாங்கிக்கச் சொல்லுங்க. குழவிய எடுத்த எடத்துல வெக்கச் சொல்லுங்க. நாளைக்குக் கோயிலுக்குப் போய் நில்லுங்க. எந்தப் பக்கம்னு நீங்க எங்கிட்ட சொல்லல. நெசமாவே சொல்லல. தைரியமா அணைங்க."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். உள்ளே இருந்து சிஸ்டர் அவர் மருமகன் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து போய்விட்டார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சந்தேகப்படுகிற ஆளிடம் மேஸ்திரி ஏன் வலியக் கூப்பிட்டு வழியைச் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எனக்குத் திரும்பி வரும் வழியில்தான் தோன்றியது. அந்தப் பெஞ்சில் நான் மூளையால் முடிவெடுக்கவில்லை. குழவியைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். உங்களிடம் தகவல் சொல்ல வருகிறவரின் காலடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். காதைத் தீட்டிக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகு.

மேலதிகாரியிடம் தகவல் இல்லை என்றேன். "என்னய்யா, ஆள் வரலையா?" "வந்தாரு சார். நாந்தான் கேக்கல." அதற்குப் பிறகு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் தனக்கு மேலே இருந்தவர்களிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவரே ஏதோ சொல்லிச் சமாளித்தார். அதை நான் மறக்கவில்லை. நான் ஆட்களை அமிர்தியை விட்டு நகர்த்தவில்லை. செய்ய வேறு வேலை இல்லாமல் எல்லாரும் ஆற்றில் இறங்கித் துணி துவைத்தார்கள். அன்றைக்கு எந்தப் பக்கமும் லோடு இறங்கவில்லை.

மறுநாள் ஈரத்துணியோடு நின்று காளி கற்பூரத்தை அணைத்தார்.

மேஸ்திரி அதோடு காளியை முழுசாக நம்பினார். அடுத்து லோடு இறக்க நாள் பார்த்தபோது, அமிர்தியில் என்ன நிலவரம் என்று அவரிடமே கேட்டிருக்கிறார். "போன தடவ மாதிரியே கொடி முழுக்கச் சட்ட காயுது" என்று காளி பார்த்ததைச் சொன்னார். போன முறை சட்டைக்குச் சட்டை ஆள் இருந்தது மேஸ்திரிக்குத் தெரியும்; அதனால் செங்கம் பக்கம்தான் காலி என்று முடிவு செய்தார். இந்த முறை அங்கே இருந்தது என் பழைய மூட்டையும் அதைக் கொடியில் போட்டு எடுக்க ஒரே ஒரு காவலரும்தான். மற்ற எல்லாரும் செங்கம் பாதை வளைவில் இருந்தோம்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பலாப்பழம் ஏற்றிய மினி லாரி வந்தது. பழத்துக்கு அடியில் கட்டை. முன்னால் டிரைவர், மேஸ்திரி, இருவருக்கும் நடுவில் காளி.

அவர் வண்டியில் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. நம்பிக்கையான ஆள் என்று மேஸ்திரி கூடவே கூட்டி வந்துவிட்டார். மற்றவர்களைப் பிடித்து இவரை மட்டும் விட்டால் இவர் கதை அங்கேயே முடிந்தது. பிடித்தால் ஜெயிலுக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் திணறிக்கொண்டு நிற்பதைப் பார்த்த காளி, வண்டியை விட்டு இறங்கி, தானாகவே இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அவரைப் பார்த்துக் கத்தினேன். "தகவல் குடுக்கறேன்னு எங்கிட்டயே டீ வாங்கிக் குடிச்சிட்டு, இவன் கூடச் சேர்ந்து என்ன முட்டாளாக்கினியாடா!" என்றேன். கத்தும்போது குரல் உடைந்தது. கோபத்தில் உடைந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஜீப்பில் வரும்போது மேஸ்திரி என்னிடம் கெஞ்சினார். "பாய், அவன அடிச்சிடாதீங்க. நா அனுப்பித்தான் உங்ககிட்ட வந்தான். புள்ளகுட்டிக்காரன். நானே அவன ஒரு தபா சந்தேகப்பட்டேன் பாய். செங்கம் பக்கம்னு அவங்கிட்ட மட்டும் சொல்லிட்டு, வளைவுல ஆளப் போட்டுப் பாத்தேன். ஒரு காக்கி வரல. நீங்க அமிர்தில துணி தொவைச்சிக்கினு கெடந்தீங்க. ஒருத்தன் நெசமா இருந்தான்னா அது அவன் ஒருத்தந்தான்."

அன்று அந்தப் பெஞ்சில் காளி சொல்ல வந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் ஜீப்பைச் செங்கத்துக்கு ஓட்டியிருப்பேன். வளைவில் இருந்த ஆள் எங்களைப் பார்த்ததுமே மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும். காளியைப் பஸ் ஏற விட்டிருக்க மாட்டார்.

சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்து காளியை வெளியே கொண்டுவர எங்களுக்கு நாளாகிவிட்டது. மேலதிகாரியும் அதற்காக நிறைய அலைந்தார். அதன் பிறகு ஒருநாள் மருந்தகப் பெஞ்சில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். மருமகன் கட்டு இல்லாமல், கோல் ஊன்றி நடந்து கொண்டிருந்தான்.

"குழவி?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"வூட்லதான் கீது சார். கோழிதான் திருப்பித் தரமாட்டேன்னுட்டாங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஜெயில்ல மேஸ்திரியும் நானும் ஒரே ரூம்ல இருந்தோம் சார். அவனுக்கு எந்நேரமும் இருமல். நாந்தான் தண்ணி மொண்டு குடுப்பேன். ஒருநாள் எங்கையப் புடிச்சிக்கினு அழுதான் சார். உன்னப் போய்ச் சந்தேகப்பட்டு கற்பூரம் அணைக்க வெச்சேனே, என்ன மன்னிச்சிடுடான்னான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னா சார் சொல்றது? பரவாயில்ல மேஸ்திரின்னேன்."

சிஸ்டர் உள்ளே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. என் முறையை அடுத்து இருந்தவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.